ஸ்கோப் வாங்கும்போது சின்ன எண்ணை முதலில் பாருங்கள்: தூர வேட்டைக்கு எத்தனை மடங்கு போதும்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், கொலராடோவோ வயோமிங்கோ மொன்டானாவோ, முதல் தடவையாக மான் வேட்டைக்கு உரிமம் எடுத்தவர்கள் ரைஃபிளை எப்படியோ சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். துப்பாக்கியின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் அலமாரிக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் தலை சுற்ற ஆரம்பிக்கிறது. 3-9×40, 4-16×44, 5-25×56 என்று வரிசையாக எண்கள், எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது, அப்படியென்றால் பெரியதுதான் நல்லது போலிருக்கிறது என்று மனது தானாகக் கணக்குப் போட்டுவிடும். காகித இலக்கில் சுடுகிறவருக்கு அந்தக் கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். வேட்டைக்குப் போகிறவர் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்ணை, அதாவது குறைந்தபட்ச உருப்பெருக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். வலப்பக்க எண்ணைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். ஏன் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆகவே இதில் எதையும் ஊரில் செய்து பார்க்க நினைக்காதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிலும் எச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு என்பதால், விசாவில் இருப்பவர்கள் நண்பர் சொன்னார் என்று கிளம்பாமல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் கட்டாயம்: கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கும், வயோமிங்கில் 1966 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கும். கிட்டத்தட்ட இதைப் படிக்கிற எல்லாருமே அதற்குள் வந்துவிடுவீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எண்கள் என்ன சொல்கின்றன

3-9×40 என்றால், பார்க்கும் பொருளை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். அவ்வளவுதான். 8 மடங்கில் வைத்து 400 கெஜத்தில் நிற்கும் மானைப் பார்த்தால், வெறும் கண்ணால் 50 கெஜத்தில் பார்க்கிற அளவுக்குத் தெரியும். தூரத்தை மடங்கால் வகுத்துக்கொள்ளுங்கள், கடையில் நிற்கும்போது இந்த ஒரு கணக்கு மட்டும் மனதில் இருந்தாலே விற்பனையாளர் பேச்சில் பாதி அடிபட்டுப்போகும்.

குழாயின் தடிமன் பற்றி ஒரு வரி: ஒரு அங்குலம், 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர் என்று வரும். தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் உள்ளே குறிவைக்க உதவும் குறுக்குக்கோட்டை மேலும் கீழும் நகர்த்த அதிக இடம் தருகிறது.

முதல் படி: உங்கள் தூரம் எது என்று நேர்மையாகக் கண்டுபிடியுங்கள்

ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்க முதலில் தெரிய வேண்டியது உங்களால் எவ்வளவு தூரத்துக்கு ஒழுங்காகச் சுட முடியும் என்பது. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. சுமார் 9 அங்குல காகிதத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மியூல் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி கிட்டத்தட்ட அந்த அளவுதான், எல்க் என்ற பெரிய மானுக்கு இன்னும் சில அங்குலம் கூடும், ப்ராங்ஹார்ன் என்ற, மான் போன்ற சிறிய வெளிநில விலங்குக்குக் கொஞ்சம் குறையும். சுடுதளத்தின் மேசையையும் மணல் மூட்டையையும் விட்டு எழுந்து, தரையில் உட்கார்ந்து, முதுகுப்பையின் மேலோ சுடுகோல்களின் மேலோ துப்பாக்கியைச் சாய்த்து, கொஞ்சம் ஓடிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே சுட்டுப் பாருங்கள். சுட்டதெல்லாம் தட்டுக்குள் விழும் கடைசித் தூரம் எதுவோ அதுதான் இந்த வருடம் உங்கள் எல்லை. பெரும்பாலான புதியவர்களுக்கு அது 200 முதல் 300 கெஜத்துக்குள் முடிந்துவிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இந்த எல்லையை ஸ்கோப்பை மாற்றி நீட்டிவிடலாம் என்பதுதான் பெரிய மயக்கம். தூரத்தில் குறி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மான் சின்னதாகத் தெரிவது இல்லை, காற்று. 6.5 க்ரீட்மோர் போன்ற, காற்றை நன்றாகக் கிழித்துப் போகும் தோட்டாவே மணிக்கு 10 மைல் வேகப் பக்கக்காற்றில் 500 கெஜத்துக்குள் சுமார் 15 அங்குலம் ஒதுங்கிப்போகும். அந்தத் தூரம் போக அரை நொடிக்கும் மேல் ஆகிறது, அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் போய் இறங்கும். 25 மடங்கு ஸ்கோப் காற்றைப் படித்துச் சொல்லாது, மானை நில் என்றும் சொல்லாது. வயிற்றில் அடிபட்ட மான் உடனே சாவதும் இல்லை, மைல்கணக்கில் ஓடி எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் மன்றம், எவ்வளவு தூரத்திலிருந்து அடிக்க முடிகிறது என்று உயிருள்ள விலங்கின் மேல் சோதித்துப் பார்ப்பதை வேட்டையாகவே ஏற்றுக்கொள்வதில்லை. எனக்கும் அதே கருத்துதான்.

இரண்டாம் படி: சின்ன எண்

இப்போது நீங்கள் வேட்டையாடப் போகும் இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். வயோமிங்கின் சேஜ் புதர்வெளியில் ப்ராங்ஹார்ன் தேடுகிறீர்கள் என்றால் மைல்கணக்கில் திறந்தவெளி, ஒரு மான் 50 கெஜத்தில் திடீரென்று முளைப்பது அபூர்வம். கொலராடோவில் எல்க் வேட்டை வேறு மாதிரி: காலையில் புல்வெளியின் எதிர்ச்சரிவில் 400 கெஜத்தில் மந்தை தெரியும், பத்து மணிக்கெல்லாம் அவை அடர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் போய்விடும், நீங்களும் உள்ளே நுழைந்து மெதுவாக நடக்கும்போது ஒரு ஆண் எல்க் 40 கெஜத்தில் எழுந்து நிற்கும். ஒரே நாள், ஒரே துப்பாக்கி, இரண்டு வேறு தேவைகள்.

அந்த 40 கெஜத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 3 மடங்கில் ஸ்கோப் வழியாக 100 கெஜத்தில் சுமார் 33 அடி அகலம் தெரியும், 9 மடங்கில் 12 முதல் 14 அடி, 18 மடங்கில் 6 அடி அளவு. இது தூரத்தோடு அதே விகிதத்தில் கூடும், குறையும். ஆக 18 மடங்கில் வைத்திருந்த ஸ்கோப்பை 40 கெஜத்தில் நிற்கும் எல்க் பக்கம் திருப்பினால் தெரியும் அகலம் இரண்டரை அடிகூட இல்லை. எல்க் எட்டடி நீளப் பிராணி. வட்டம் முழுக்கப் பழுப்பு முடி, அதுவும் மங்கலாக, அது தோளா தொடையா என்று புரியாது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வெறும் மரப்பட்டை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி துப்பாக்கியை இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டிருப்பீர்கள், எல்க் போய்விடும். அதே நேரம் 3 மடங்கில் இருந்தால் 13 அடி அகலம் தெரியும், முழு விலங்கும் அதைச் சுற்றியுள்ள மரங்களும் அதற்குள் அடங்கும், துப்பாக்கி தோளுக்கு வந்த அந்த நொடியே குறி கண்ணில் இருக்கும்.

வளையத்தைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். குறைக்கலாம், குறைக்க இடம் இருந்தால். 3-15இல் 3க்கு இறங்கலாம், 5-25இல் 5க்குக் கீழே போக வழியே இல்லை. மேலே உள்ள எண் போதாவிட்டால் உங்களுக்குக் கடினம் கூடுகிறது, அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம் அருகே தவழ்ந்து போகலாம். கீழே உள்ள எண் அதிகமாகிவிட்டால் கைக்கு எட்டிய வாய்ப்பே போய்விடுகிறது.

என் கணக்கு இது. காடும் புதரும் கலந்த இடம் என்றால் சின்ன எண் 2 அல்லது 3. பெரும்பாலும் திறந்தவெளி, எப்போதாவது மரங்கள் என்றால் 4 வரை போகலாம். 5இலும் 6இலும் தொடங்குபவை பாலைவெளிக்கும் சுடுதளத்துக்கும். முதல் ஸ்கோப்பாக எடுப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் படி: பெரிய எண், எவ்வளவு போதும்?

வேட்டைக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: மான் அளவு விலங்குக்கு 100 கெஜத்துக்கு ஒரு மடங்கு இருந்தால் சமாளிக்கலாம், இரண்டு மடங்கு இருந்தால் வசதி. 300 கெஜத்துக்கு 6, 500 கெஜத்துக்கு 10. கேட்பதற்கு ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஆனால் அமெரிக்க ராணுவம் 1988இல் எடுத்துக்கொண்ட எம்24 ஸ்னைப்பர் ரைஃபிளில் இருந்தது மாறாத 10 மடங்கு லியூபோல்ட் ஸ்கோப். அதை வைத்து 800 மீட்டர் வரை சுட்டார்கள். வியட்நாமில் பெயர் வாங்கிய கார்லோஸ் ஹாத்காக்கின் வின்செஸ்டர் மாடல் 70இல் இருந்தது 8 மடங்கு அனெர்ட்ல் ஸ்கோப். நாம் 400 கெஜத்தில் மான் அடிக்க 25 மடங்கு கேட்கிறோம்.

அதிகமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, வேண்டாவிட்டால் குறைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு நான்கு விஷயம்.

ஒன்று, நடுக்கம். ஸ்கோப் மானை மட்டும் பெரிதாக்குவதில்லை, உங்கள் நாடித்துடிப்பையும் மூச்சையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. 20 மடங்கில் குறுக்குக்கோடு மானின் மேல் அலைபாய்வதைப் பார்த்ததும் பயம் வந்து, கோடு சரியான இடத்தைக் கடக்கிற நொடியில் விசையை வெடுக்கென்று இழுப்பார்கள். அதே நடுக்கம் 8 மடங்கிலும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாததால் விரல் பதறாது.

இரண்டு, கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூட்டில் காற்று நெளியும், 20 மடங்கில் மான் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடும். அப்போது எல்லாரும் செய்வது 10க்கோ 12க்கோ குறைப்பதுதான். நிறைய பேர் விலை கொடுத்து வாங்கிய மேல் மடங்குகள் செப்டம்பர் மாத மத்தியானத்தில் இப்படித்தான் வீணாகின்றன.

மூன்று, சுட்ட பிறகு. .300 வின்செஸ்டர் மேக்னம் போல உதைக்கிற துப்பாக்கியில் 18 மடங்கில் வைத்துச் சுட்டால், உதை முடிந்து பார்க்கும்போது மான் வட்டத்துக்குள் இருக்காது. எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடியது, இன்னொரு குண்டு வேண்டுமா, எதுவும் தெரியாது. 8 அல்லது 10 மடங்கில் இருந்தால் குண்டு பட்டதும் மான் முதுகை வளைத்துத் துள்ளுவதை நீங்களே பார்க்கலாம். அடிபட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்க இதைவிடப் பெரிய உதவி இல்லை.

நான்கு, எடை. சாதாரண 3-9×40 ஒன்று 350 முதல் 400 கிராம், 5-25×56 வகை ஒரு கிலோவை ஒட்டி வரும். கடைக் கவுண்டரில் இது ஒன்றும் தெரியாது, 10,000 அடி உயரத்தில் மூச்சு முட்ட ஏறும்போது தெரியும். ஐடஹோவில் இது சட்டப் பிரச்சினையாகக்கூட ஆகலாம், அங்கே பெரிய விலங்கு வேட்டைக்கு ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்துத் துப்பாக்கி 16 பவுண்டைத் தாண்டக்கூடாது.

இதற்கெல்லாம் எதிராக ஒரே ஒரு நியாயம் உண்டு: துப்பாக்கியை ஜீரோ செய்யும்போதும் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) தோட்டாக்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போதும் 14, 15 மடங்கு இருந்தால் உண்மையிலேயே சௌகரியம், துளை எங்கே விழுந்தது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் எழுந்து போக வேண்டாம். அதனால்தான் ஒரே ஸ்கோப் வைத்துக்கொள்பவருக்கு 3-15×44 மாதிரி ஒன்றைச் சொல்வேன். 300 கெஜத்தைத் தாண்டப்போவதில்லை என்று முடிவாகிவிட்டதா, 3-9×40 அல்லது 2-10×42 போதும், மீதிப் பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்யுங்கள். ப்ராங்ஹார்ன் மட்டும்தான் என்றால் 4-16×44. 500 கெஜத்துக்கு மேல் என்ற பேச்சை இரண்டு மூன்று பருவம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை, ஒரே விலையில் 3-9ம் 4-24ம் கிடைத்தால் இரண்டாவதை எடுக்காதீர்கள். உருப்பெருக்க வீச்சு அகலமாகும்போது உள்ளே லென்ஸ் அமைப்பு சிக்கலாகும், அதை மலிவாகச் செய்தால் எங்கோ ஒரு இடத்தில் கைவைத்துத்தான் ஆக வேண்டும். மலிவான 24 மடங்கில் தெரியும் மங்கல் மானைவிட நல்ல 9 மடங்கில் தெரியும் தெளிவான மான் மேல்.

நான்காம் படி: வெளிச்சம்

மான்கள் நடமாடுவது விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பிறகும். கொலராடோ, வயோமிங் இரண்டிலும் சூரியன் உதிக்க அரை மணி முன்னதிலிருந்து மறைந்து அரை மணி வரை சுடலாம். அந்த முதல் அரை மணியும் கடைசி அரை மணியும்தான் வேட்டையே, அங்கேதான் உருப்பெருக்கம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

முன்லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால் ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். 44ஐ 16ஆல் வகுத்தால் 2.75. 56ஐ 25ஆல் வகுத்தால் 2.2தான். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயது ஏறினால் 5க்குப் பக்கத்தில் நின்றுவிடும். வட்டம் 5 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அந்தி நேரத்தில் படம் பளிச்சென்று இருக்கும், 2 என்றால் சாம்பல் நிறத்தில் ஏதோ நிற்கிறது என்பது மட்டும் தெரியும். வழி எளியது: 44 மில்லிமீட்டர் லென்ஸை 8 மடங்குக்கு இறக்கினால் 5.5 வந்துவிடும். பெரிய லென்ஸ் வாங்கியும் இதைச் சரிசெய்யலாம், ஆனால் 56 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஸ்கோப்பை உயரமாக மாட்ட வேண்டும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது, எடையும் கூடும். 40க்கும் 50க்கும் நடுவில் நிற்பது நல்லது.

ஐந்தாம் படி: குறுக்குக்கோடு எந்தத் தளத்தில்?

இது புதியவர்களை அதிகம் குழப்பும் இடம், நிதானமாகப் படியுங்கள். முதல் குவியத்தள ஸ்கோப்பில் மடங்கைக் கூட்டினால் குறுக்குக்கோடும் சேர்ந்து பெரிதாகும், அதில் உள்ள சின்னச் சின்னக் கோடுகள் இலக்கின் மேல் குறிக்கும் அளவு எந்த மடங்கிலும் மாறாது. இரண்டாம் குவியத்தள ஸ்கோப்பில் கோடு அப்படியே இருக்கும், மான் மட்டும் பெரிதாகும். சின்னக் கோடுகள் குறிக்கும் அளவு ஒரே ஒரு மடங்கில்தான் சரி, பெரும்பாலும் அது அதிகபட்ச மடங்கு.

இதனால் என்ன ஆகும்? உங்களிடம் இருப்பது இரண்டாம் தள 4-16 என்று வைத்துக்கொள்வோம். 400 கெஜத்துக்கு 6 எம்ஓஏ (கோணத்தை அளக்கும் ஒரு சின்ன அலகு) கோட்டை மானின் நெஞ்சில் வைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். கானல் அடிக்கிறது, 8 மடங்குக்குக் குறைத்தீர்கள். மடங்கு பாதியானதும் அந்தக் கோட்டின் மதிப்பு இரட்டிப்பாகி 12 எம்ஓஏ ஆகிவிட்டது. ஒரு எம்ஓஏ 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம், சரியாக 1.047, 400 கெஜத்தில் நான்கு அங்குலத்துக்கும் சற்று மேல். ஆறு எம்ஓஏ பிழை என்றால் குண்டு சுமார் 25 அங்குலம் மேலே, மானின் முதுகுக்கு மேல் பறந்து போகும். உங்களுக்கோ எங்கே தப்பு என்று கடைசிவரை புரியாது.

அப்படியானால் எல்லாரும் முதல் தளமே வாங்கிவிடலாமே? அதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. 3 மடங்கில் அதன் குறுக்குக்கோடு சிலந்தி நூல் அளவுக்கு மெலிந்துவிடும், இருட்டுக் காட்டில் கண்ணுக்கே தெரியாது, உள்ளே ஒளிரும் விளக்கு இருந்தால்தான் பிழைத்தீர்கள். என் பார்வையில் 300 கெஜத்துக்குள் என்றால் இரண்டாம் தளம், தடித்த கோடு, வேறு கேள்வியே வேண்டாம். அதற்கு மேல் சுடப் போகிறீர்கள், கோட்டை நகர்த்திப் பிடித்துச் சுடும் பழக்கம் என்றால் ஒளிரும் கோடுள்ள முதல் தளம். மேலே உள்ள திருகைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்துவிட்டு நடுக்கோட்டிலேயே சுடுபவர் என்றால் இரண்டாம் தளத்திலும் உயரக் கணக்குக்குப் பிரச்சினை இல்லை, காற்றுக்குக் கோட்டை நகர்த்திப் பிடிக்கும்போது மட்டும் மடங்கைக் கவனிக்க வேண்டும்.

ஆறாம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்குள் கூரை விளக்கைப் பார்த்துவிட்டு ஆகா என்று சொல்வதில் பயனில்லை, குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் சாயங்காலம் போங்கள், விற்பனையாளரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுபோய், வண்டிகளுக்கு அடியில் உள்ள நிழல், தூரத்து மரத்தடி இருட்டு, இதையெல்லாம் குறைந்த மடங்கிலும் கூடிய மடங்கிலும் பாருங்கள். ஸ்கோப்பை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதாக இருக்கட்டும், துப்பாக்கியில் மாட்டியதை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்து கண் இடைவெளி. கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் நடுவில் மூன்றரை முதல் நான்கு அங்குலம் வேண்டும், குறிப்பாக உதைக்கும் துப்பாக்கிக்கு. குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறைநிலா வரைந்துவிடும். பல ஸ்கோப்புகளில் மடங்கு கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கும், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே படம் கறுத்துப் போகும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கோப்பை முகத்துக்குக் கொண்டுவந்து, அதிக மடங்கில் கண்ணைத் திறந்து பாருங்கள். முழுப்படமும் உடனே கிடைக்கிறதா, தேட வேண்டியிருக்கிறதா?

மடங்கு வளையத்தைக் கையுறையோடு திருப்பிப் பாருங்கள். நவம்பர் பனியில் விறைத்த விரலால் அசைக்க முடியாத வளையம் இருந்தென்ன. சிலவற்றில் சின்ன நெம்புபிடி மாட்டிக்கொள்ளலாம், மலிவான பொருள், பெரிய உதவி.

பாரலாக்ஸ் திருகு பற்றி: 9, 10 மடங்கு வரையுள்ள வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 100 அல்லது 150 கெஜத்துக்கு நிலையாக வைத்திருப்பார்கள், அது போதும். அதற்கு மேல் போனால் இடப்பக்கம் சரிசெய்யும் திருகு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் சற்று விலகினாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்துபோகும்.

ஏழாம் படி: களத்தில்

நடக்கும்போது ஸ்கோப் எப்போதும் குறைந்த மடங்கில். இதைக் கதவைப் பூட்டும் பழக்கம்போல் ஆக்கிக்கொள்ளுங்கள், உட்கார்ந்து பார்த்துவிட்டு எழும் ஒவ்வொரு தடவையும் கை தானாக வளையத்துக்குப் போக வேண்டும். தூரத்தில் மான் தெரிந்தால் மடங்கைக் கூட்டிக்கொள்ள நேரம் நிறைய இருக்கும், அருகில் தெரிந்தால் குறைக்க நேரம் இருக்காது.

தேடுவதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது துப்பாக்கியின் மேல் இருக்கிறது, ஸ்கோப் பார்க்கும் இடத்தைக் குழலும் பார்க்கிறது, எதிர்ச்சரிவில் அசைந்தது எல்க் என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கினால் அங்கே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு மனிதர் இருப்பார். தேட 10×42 பைனாக்குலர் வேண்டும். பைனாக்குலருக்குப் பணமில்லை, ஸ்கோப் பெரிதாக இருக்கிறதே என்பவர் ஸ்கோப்பைச் சிறியதாக்கிப் பைனாக்குலர் வாங்க வேண்டும். கொம்பை எண்ணுவதற்கும் இதே பதில்தான்: கொலராடோவின் பல பகுதிகளில் ஆண் எல்க்குக்கு ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளைகளோ, 5 அங்குல நெற்றிக் கிளையோ இருந்தால்தான் சுடலாம், அதை ரைஃபிள் ஸ்கோப்பில் எண்ணிக்கொண்டு நிற்காமல் பைனாக்குலரையோ முக்காலி மேல் ஸ்பாட்டிங் ஸ்கோப்பையோ வைத்துப் பாருங்கள்.

சுடப்போகும்போது எத்தனை மடங்கு? 100 கெஜத்துக்குள் 3 அல்லது 4, 200இல் 6, 300இலும் 400இலும் 8 முதல் 10, அதற்கு மேல் 12. இது என் பழக்கம், உங்களுக்கு ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். முழு விலங்கும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் வட்டத்துக்குள் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் சரி.

பருவம் தொடங்கும் முன்னால் இன்னொரு வேலை. ஜீரோ செய்தது ஒரே மடங்கில் இருக்கும், அதே இலக்கில் குறைந்த மடங்கில் மூன்று, அதிக மடங்கில் மூன்று சுட்டுப் பாருங்கள். சில ஸ்கோப்புகளில், முக்கியமாக மலிவான இரண்டாம் தள வகைகளில், வளையத்தைத் திருப்பினால் குண்டு விழும் இடமே நகரும். அப்படி நகர்ந்தால் உத்தரவாதம் இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது பறவை பார்க்கும் சித்தப்பாவுக்கு உதவும் என்று பழைய ஸ்கோப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். துப்பாக்கி ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள், உரிமம் தேவையா என்று பார்க்காமல் இந்தியாவுக்குக் கொண்டுபோனால் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம். அவருக்கு ஒரு 8×42 பைனாக்குலர் வாங்கிக் கொடுங்கள், பறவை பார்க்க அதுதான் வசதி.